டிசம்பர் ஜாடிகள்: ஒரு நியூஎன் சாயமேற்றலில் எண்ணிக்கை தவறிய நிகழ்வு

பின்னணி

டர்பனில் ஒரு மூளை ஆய்வகத்தில் பல வருடமாகத் தொழில்நுட்பராக இருக்கிறேன். பிறந்தது மதுரைப் பக்கம். எலி மூளையை வெட்டுவது, வெட்டுகளுக்குச் சாயம் ஏற்றுவது, மாணவர்களுக்கு மைக்ரோஸ்கோப் பழக்குவது என் வேலை. இங்கே எழுதுவது எங்கள் ஆய்வகத்திலேயே நடந்தது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டு, பெயரும் ஆய்வின் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன்.

மாணவி முதுநிலைப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை. வீட்டில் ஆங்கிலம்தான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததை வைத்து என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். என்னை அண்ணா என்பார். மூன்றாமவர், எலிகளைக் கையாளும் மூத்த உதவியாளர். அதே ஊரின் ஃபீனிக்ஸ் பகுதிக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது, எல்லோருக்கும் அவர் அங்கிள்.

ஆய்வுக் கேள்வி எளிமையானது. கைனிக் அமிலம் கொடுத்தால் எலிக்கு வலிப்பு வரும். நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் நரம்புச் செல்கள் சாகும். ஓர் உள்ளூர் மூலிகைச் சாற்றை முன்கூட்டியே கொடுத்தால் அந்தச் சாவு குறையுமா? மூன்று குழுக்கள்: உப்புநீர் மட்டும், கைனிக் அமிலம் மட்டும், மூலிகையோடு கைனிக் அமிலம். குழுவுக்கு எட்டு எலி. வலிப்பு வந்த ஏழாம் நாள் மூளையை எடுத்து, நியூஎன் என்ற ஆன்டிபாடியால் (குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும் மூலக்கூறு) நரம்புச் செல்களை அடையாளம் கண்டு எண்ண வேண்டும்.

நியூஎன் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுண்டெலி மூளையிலிருந்து பிரித்த செல்கருக்களைச் சுண்டெலிகளுக்கே செலுத்தி, அவற்றில் உருவான ஆன்டிபாடிகளைச் சலித்தபோது, நரம்புச் செல்லின் கருவை மட்டும் பிடிக்கும் ஒன்று கிடைத்தது. ஏ60 என்று அந்த வகைக்குப் பெயர். 1992இல் வெளிவந்தது. அது எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பது 2009 வரை தெரியாது. ஆர்பிஃபாக்ஸ்3 என்று அப்போதுதான் தெரிந்தது. ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படுவதைக் கட்டுப்படுத்தும் புரதம் அது. பதினேழு வருடம் உலகமே ஆள் யாரென்று தெரியாமல் அடையாள அட்டையை மட்டும் வைத்து ஆளை எண்ணிக்கொண்டிருந்தது. அதில் தவறில்லை, அட்டை பெரும்பாலும் சரியாகவே இருந்தது. எங்களுக்குச் சிக்கல் வந்தது அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லில்.

எலிகள், ஜாடிகள், தேதிகள்

வேலை செப்டம்பரில் தொடங்கியது. கைனிக் அமிலம் கொடுத்தால் சில எலிகள் வலிப்பிலேயே இறந்துபோகும். இது தெரிந்த விஷயம். கைனிக் மட்டும் கொடுத்த குழுவில் ஐந்து இறந்தன, மூன்றுதான் மிஞ்சின. மூலிகைக் குழுவில் இரண்டு இறந்தன. ஆறு போதும் என்று அந்தக் குழுவை அப்படியே விட்டார்கள். மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பதால், கைனிக் குழுவுக்கு மட்டும் ஐந்து எலி கூடுதலாகக் கேட்டு விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் அனுப்பினார்கள். அனுமதி வர நவம்பர் கடைசி ஆகிவிட்டது.

முதல் தொகுதி எலிகளின் மூளைகள் அக்டோபரிலேயே முடிந்தன. முறை இதுதான்: இதயம் வழியாக 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடைச் செலுத்தி, மூளையை எடுத்து, அதே கரைசலில் ஒரு நாள் குளிரில் ஊற வைத்து, மறுநாள் 30 சதவீதச் சுக்ரோஸுக்கு மாற்ற வேண்டும். மூளை அடியில் அமிழ்ந்ததும் உறைய வைத்து, கிரையோஸ்டாட் என்ற குளிர்வெட்டுக் கருவியில் 40 மைக்ரான் தடிப்பில் வெட்ட வேண்டும். வெட்டுகளை ஆறு கிண்ணங்களில் வரிசையாக மாற்றி மாற்றிப் போடுவோம். ஒரு கிண்ணத்தைச் சாயமேற்றினாலும் பக்கத்து வெட்டுகள் வேறு ஐந்து கிண்ணங்களில் பத்திரமாக இருக்கும். இந்தப் பழக்கம்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

இரண்டாம் தொகுதி, அதாவது அந்த ஐந்து எலிகள், டிசம்பர் நடுவில் முடிந்தன. அன்று வியாழக்கிழமை. வெள்ளி மத்தியானத்தோடு வளாகம் ஆண்டு விடுமுறைக்கு மூடுகிறது. இந்த ஊரில் டிசம்பர் என்றால் டிசம்பர்தான். பாதி நகரம் கடற்கரையில், மீதி ஊருக்குப் போயிருக்கும்.

முதல் முடிவு

மார்ச்சில் மாணவி சாயமேற்றினார். நியூஎன் முதன்மை ஆன்டிபாடி, அதன் மேல் சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி, கடைசியில் பழுப்பு நிறம் தரும் டிஏபி. படம் எடுத்து, கணினி தானாக எல்லை நிர்ணயித்து எண்ணும் மென்பொருளில் போட்டார்.

ஹிப்போகேம்பஸின் சிஏ1 பகுதியில், உப்புநீர்க் குழுவை 100 என்று வைத்தால், கைனிக் குழுவில் 45, மூலிகைக் குழுவில் 80. வரைபடத்தில் மூன்று கம்பங்கள்: உயரம், குட்டை, மறுபடி உயரம். இதைவிட அழகான படம் ஒரு முதுநிலை மாணவிக்குக் கிடைக்காது. வழிகாட்டிப் பேராசிரியர் மகிழ்ந்தார். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினார்கள், ஏற்றுக்கொள்ளப்பட்டது.

என்னிடமும் படத்தைக் காட்டினார். "அண்ணா, நல்லா இருக்கில்ல?" என்றார். நானும் நல்லா இருக்கு என்றுதான் சொன்னேன். ஸ்லைடைக் கேட்கவில்லை. இதைப் பதிவு செய்வது அவசியம், ஏனென்றால் இந்தக் கதையில் நான் பிற்பாடு வந்து கண்டுபிடித்த ஆள் போலத் தெரியும். முதலில் கம்பத்தைப் பார்த்துத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

சந்தேகம் எழுந்த இடம்

மாநாட்டுச் சுவரொட்டிக்கு நல்ல படமாக நான்கு பொறுக்கித் தரச் சொன்னார்கள். அப்போதுதான் ஸ்லைடுகளை நானே மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

கைனிக் குழுவின் ஒரு ஸ்லைடில் சிஏ1 வெளுத்திருந்தது. சரி, எதிர்பார்த்ததுதான். ஹிப்போகேம்பஸின் இன்னொரு பகுதியான சிஏ3யும் வெளுத்திருந்தது, அதுவும் சரி. பிறகு கண் அதை ஒட்டிய டென்டேட் கைரஸ் என்ற மடிப்புக்குப் போனது. அங்கே கிரான்யூல் செல்கள் நெல் குவித்த மாதிரி அடர்த்தியாக, கரும்பழுப்பு வில்லாகத் தெரிய வேண்டும். அந்த வில்லும் வெளுத்து, டீத்தூள் மறுமுறை கொதித்த நிறத்தில் இருந்தது.

கைனிக் அமிலத்துக்கு எல்லாச் செல்லும் ஒரே மாதிரிச் சாவதில்லை. சிஏ3, சிஏ1, டென்டேட் வில்லுக்குள் இருக்கும் ஹைலஸ் செல்கள் அடி வாங்கும்; டென்டேட் கிரான்யூல் செல்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சாகாத செல்லுக்கு ஏன் நிறம் குறைந்தது? மேலே பெருமூளைப் புறணியைப் பார்த்தேன். வலிப்பு அவ்வளவாகத் தொடாத உணர்வுப் புறணிப் பகுதியும் அதே வெளுப்பு.

அடுத்து கணக்குத் தாளைக் கேட்டு வாங்கினேன். சராசரியும் கம்பமும் வேண்டாம், எலிக்கு ஒரு புள்ளி போடச் சொன்னேன். போட்டதும் கைனிக் குழு இரண்டாகப் பிரிந்து நின்றது: 70ஐ ஒட்டி மூன்று புள்ளிகள், 30ஐ ஒட்டி ஐந்து புள்ளிகள், நடுவில் ஒன்றுமே இல்லை. 45 என்ற சராசரியில் ஒரு எலிகூட உட்காரவில்லை.

"மூணு, அஞ்சு... அண்ணா, அது செப்டம்பர் எலி, டிசம்பர் எலி" என்றார் அவர், சொல்லும்போதே குரல் இறங்கியது.

பழியை எங்கே வைப்பது

இரண்டு தொகுதிக்கும் ஏதோ வேறுபாடு. அது என்ன என்று தெரிவதற்குள் மூன்று வாரம் போனது. அதில் பாதி வீண் அலைச்சல். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் வேறு ஆய்வகத்தில் அதுவே உண்மைக் காரணமாக இருக்கலாம்.

முதல் சந்தேகம் ஆன்டிபாடி மேல். மின்வெட்டு மாதங்களில் எங்கள் பெரிய உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் உண்டு, ஆன்டிபாடி வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜுக்குக் கிடையாது. குளிர்ந்து, சூடாகி, குளிர்ந்து, ஆன்டிபாடி கெட்டிருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் எது பழுதானாலும் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவது அப்போது எளிது. ஆனால் எல்லா வெட்டுகளும் ஒரே குப்பியிலிருந்து, ஒரே வாரத்தில் சாயமேற்றப்பட்டவை. கெட்ட ஆன்டிபாடி அக்டோபர் மூளைக்கு மட்டும் நல்லபடியாக வேலை செய்யாது. இருந்தாலும் புதுக் குப்பி வாங்கி இரு தொகுதியிலிருந்தும் நான்கு நான்கு வெட்டுகளைச் சாயமேற்றினோம். அதே வெளுப்பு, அதே அடர்த்தி.

இரண்டாவது பயத்தைக் கிளப்பியவர் பக்கத்து ஆய்வகத்துக்காரர். எங்கள் வெட்டு ஒன்றில் சிறுமூளை இருந்தது. அதில் பெரிய பர்கின்ஜி செல்கள் ஒன்றுகூட நிறம் பிடிக்கவில்லை. வெறும் ஓட்டைகளாக நின்றன. "உங்கள் சாயமே மொத்தமாகத் தோற்றிருக்கிறது, உப்புநீர் எலியிலும் பாருங்கள்" என்றார். உப்புநீர் எலியிலும் அப்படித்தான் இருந்தது. மாணவி அன்று அழுதுவிட்டார்.

இதற்கு மட்டும் என்னிடம் உடனே பதில் இருந்தது. பர்கின்ஜி செல்கள் நியூஎன்னால் நிறம் பிடிப்பதில்லை. முகர்வுக் குமிழின் மைட்ரல் செல்களும் விழித்திரையின் ஒளியுணர் செல்களும் அப்படியே. 1992ஆம் வருட முதல் கட்டுரையிலேயே இது இருக்கிறது. எல்லா நரம்புச் செல்லையும் நியூஎன் காட்டும் என்று நினைப்பவர் சிறுமூளையில் கட்டாயம் ஒரு நாள் தடுக்கி விழுவார். அடுத்த கிண்ணத்திலிருந்து ஒரு வெட்டை எடுத்து பர்கின்ஜி செல்களில் இருக்கும் கால்பின்டின் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி போட்டுக் காட்டினேன். பர்கின்ஜி செல்கள் கிளைகளோடு மரம் மரமாக எழுந்து நின்றன. நியூஎன் போட்ட வெட்டிலும் பக்கத்துக் கிரான்யூல் அடுக்கு நன்றாக நிறம் பிடித்திருந்தது. உப்புநீர் எலியில் சாயம் தோற்கவில்லை.

மூன்றாவதில் உண்மையாகவே ஒரு தவறு கிடைத்தது. முதன்மை ஆன்டிபாடி போடாமல் இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்டுப் பார்க்கும் வெட்டு முதல் சுற்றில் ஒன்றுகூட இல்லை. இப்போது வைத்தோம். எதுவுமே தெரியக்கூடாது, ஆனால் வலிப்பு வந்த மூளைகளில் ரத்தக் குழாய்களைச் சுற்றிப் பழுப்புப் புகை. காரணம் புரிந்தது. எங்கள் இரண்டாம் ஆன்டிபாடி சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கச் செய்தது. எலியின் ஆன்டிபாடி அதற்கு மிக நெருங்கிய சொந்தம். வலிப்பில் ரத்த–மூளைத் தடுப்பு கசிந்து, எலியின் சொந்த ஆன்டிபாடிகள் மூளைக்குள் வந்திருக்கும். இரண்டாம் ஆன்டிபாடி அவற்றையும் பிடித்துவிட்டது. எலிப் புரதத்தோடு சேர்வதை முன்கூட்டியே நீக்கிய இரண்டாம் ஆன்டிபாடி விற்கிறார்கள், அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். பின்னணி கறுத்தால் கணினி எல்லையை உயர்த்தும். உயர்த்தினால் வெளுத்த செல்கள் கணக்கிலிருந்து விழும்.

இது குற்றத்தின் ஒரு பங்கு. ஆனால் மூலிகைக் குழுவிலும் செப்டம்பர் கைனிக் எலிகளிலும் அதே புகை இருந்தது. ஐந்து புள்ளிகள் மட்டும் கீழே இருப்பதை அது விளக்கவில்லை.

பக்கத்து வெட்டில் பார்த்தது

நியூஎன்னை மறந்துவிட்டு, பக்கத்துக் கிண்ணத்து வெட்டுகளைக் கிரெசில் வயலட்டில் போட்டோம். நூறு வருடப் பழசான நிஸ்ல் முறை. ஆன்டிபாடி கிடையாது, புரதத்தைத் தேடுவதும் கிடையாது. செல்லின் ஆர்என்ஏவைப் பிடிக்கும் ஊதா நிறம், அவ்வளவுதான். எது நரம்புச் செல், எது துணைச் செல் என்று அது சொல்லாது. வடிவத்தையும் நடுவில் தெரியும் கருமணியையும் பார்த்துக் கண்ணால் பிரிக்க வேண்டும்.

டிசம்பர் எலிகளின் டென்டேட் வில், ஊதாவில், முழுசாக இருந்தது. ஓர் இடைவெளி இல்லை. புறணியும் அப்படியே. சிஏ3இல் உண்மையான ஓட்டை இருந்தது. சிஏ1இல் அங்கங்கே இடைவெளி, ஆனால் நியூஎன் சொன்ன 30 இல்லவே இல்லை.

"ஊதால இருக்கு, ப்ரௌன்ல இல்ல. அப்ப செல் சாகலையா?" என்று மாணவி கேட்டார்.

"செல் இருக்கும்மா. நம்ம ஆன்டிபாடி அதுகிட்ட போய்ச் சேரல."

நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி

ஏன் சேரவில்லை என்பது மாணவியின் ஆய்வக நோட்டில் இருந்தது. ஜனவரி பக்கத்தில் ஒரே வரி: ஐந்து ஜாடிகளும் சுக்ரோஸுக்கு மாற்றப்பட்டன. அந்தத் தேதி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. காவடிக்கு விரதம் தொடங்கிய நாள்.

டிசம்பர் வியாழன் முதல் அந்த நாள் வரை எண்ணினோம். 25 நாள். அக்டோபர் மூளைகள் ஃபார்மால்டிஹைடில் ஒரு நாள் இருந்தன, டிசம்பர் மூளைகள் 25 நாள்.

வெள்ளிக்கிழமை மாணவி மாற்றுவார் என்று அங்கிள் நினைத்தார். அவர் வழக்கமாக மாற்றுவதுதானே என்று மாணவி நினைத்தார். இருவருமே பொய் சொல்லவில்லை. இருவரும் அந்த வேலையை வேறு வேறு சமயம் செய்திருக்கிறார்கள். ஜனவரியில் ஜாடியைப் பார்த்தபோது ஊறிய மூளை கெட்டியாகத்தான் இருக்கும், வெட்டச் சுலபம் என்று சமாதானம் செய்துகொண்டார்கள். வெட்டச் சுலபமாகவே இருந்தது.

ஃபார்மால்டிஹைடு புரதங்களைப் பக்கத்துப் புரதங்களோடு பாலம் போட்டுக் கட்டிவிடும். திசு அழுகாமல் இருப்பதற்கு அந்தக் கட்டுதான் காரணம். ஆனால் நாள் கூடக் கூடப் பாலம் கூடும். ஆன்டிபாடி வந்து அமர வேண்டிய சின்ன இடம் பாலங்களுக்குள் புதைந்துபோகும். புரதம் அங்கேயே இருக்கும், கதவு பூட்டியிருக்கும். எல்லா ஆன்டிபாடிக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. எங்கள் திசுவில் எங்கள் நியூஎன்னுக்கு 25 நாள் மிக அதிகமாகிவிட்டது.

இன்னொன்று. ஊறிப்போனது கைனிக் குழுவில் மட்டும். உப்புநீர்க் குழுவிலும் மூலிகைக் குழுவிலும் ஒரு எலிகூட டிசம்பரில் இல்லை. எல்லாக் குழுவும் சமமாக ஊறியிருந்தால் நிறம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஒரே குழு ஊறியதால் மூலிகை மருந்தாகிவிட்டது.

எடுத்த முடிவுகள்

பேராசிரியரிடம் மூவரும் போனோம். முதலில் அவருக்குக் கோபம். புள்ளிப் படத்தையும் ஊதா ஸ்லைடையும் காட்டினோம். அரை மணி நேரம் பேசாமல் மைக்ரோஸ்கோப்பிலேயே இருந்தார். பிறகு மூன்று வழிகள் பேசப்பட்டன.

டிசம்பர் எலிகளை விட்டுவிட்டு மூன்றை வைத்து எழுதுவது. மூன்று எலி போதாது, தவிர பிடிக்காத எலிகளைப் பின்னால் நீக்குவது போலாகும். புதிதாக ஐந்து எலி கேட்பது. அதற்கு மறுபடி திருத்தம், மறுபடி காத்திருப்பு; இருக்கும் திசுவைக் காப்பாற்ற முயலாமல் மேலும் ஐந்து உயிரைக் கேட்பதை நெறிமுறைக் குழு ஏற்காது, ஏற்கவும் கூடாது. மூன்றாவது, பூட்டிய கதவைத் திறப்பது: வெட்டுகளைச் சூடான சிட்ரேட் கரைசலில் வைத்துப் பாலங்களைத் தளர்த்துவது. ஃபார்மலினில் கிடந்த நோயியல் திசுக்களுக்கு 1990களின் தொடக்கத்திலிருந்து இது நடைமுறை. மூன்றாவதைத் தேர்ந்தோம். மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெறுவது என்பதையும் அன்றே முடிவு செய்தோம். பேராசிரியரே அஞ்சல் எழுதினார்.

சிட்ரேட் முறையைக் கண்ணாடியில் ஒட்டிய வெட்டுக்குச் செய்வது சுலபம். எங்களுடையவை மிதக்கும் வெட்டுகள். முதல் முயற்சியில் கொதிநிலைக்குக் கிட்டே சூடாக்கினேன். வெட்டுகள் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரிச் சுருண்டன. மூன்று வெட்டு வீண். பிறகு பிஎச் 6.0 சிட்ரேட்டில் 80 டிகிரியில் அரை மணி நேரம், நீர்த்தொட்டியில் மெல்ல ஆற விட்டு எடுத்தோம். வெட்டு கொஞ்சம் வழவழப்பானது, தூரிகையால் தூக்கக் கை நடுங்காமல் இருக்க வேண்டும். ஆனால் கிழியவில்லை.

வேறு சில விதிகளையும் வைத்தோம். மூன்று குழு வெட்டுகளும், ஊறியவை ஊறாதவை என்று பாராமல், எல்லாமே சூடாக்கப்பட வேண்டும். ஊறியதை மட்டும் சூடாக்கினால் பழைய பிழைக்குப் பதில் புதுப் பிழை வரும். ஒவ்வொரு நாளும் எல்லாக் குழுவிலிருந்தும் கலந்து எடுக்க வேண்டும். எலிப் புரதத்துக்கு விலக்கிய இரண்டாம் ஆன்டிபாடி, முதன்மை இல்லாத வெட்டு ஒவ்வொரு சுற்றிலும். கிண்ணங்களுக்கு நான் குறியீடு போட்டேன், மாணவி குழு தெரியாமல் கண்ணால் எண்ணினார். தானாக எல்லை வைக்கும் மென்பொருளை நிறுத்தினோம்.

மறுபடி எண்ணியபோது

டிசம்பர் எலிகளின் டென்டேட் வில் கரும்பழுப்பாகத் திரும்பி வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி சுவரொட்டிப் படத்தைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரியது. அக்டோபர் வெட்டுகளும் சற்றே அடர்ந்தன, ஆனால் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை.

சிஏ1இல் கைனிக் குழு 45இலிருந்து 68க்கு ஏறியது. எட்டுப் புள்ளிகளும் ஒரே கூட்டமாகக் கலந்தன. மூலிகைக் குழு 76. இந்த எண்ணிக்கை எலிகளை வைத்து அந்த இடைவெளியை வேறுபாடு என்று சொல்ல முடியாது. சிஏ3இலும் ஹைலஸிலும் இழப்பு உண்மை. இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. மூலிகை காப்பாற்றவில்லை என்று நிரூபிக்கவில்லை; காப்பாற்றியது என்று நாங்கள் பார்த்தது மட்டும் காணாமல் போனது.

ஒரு முடிச்சு பாக்கி நின்றது. கிரெசில் வயலட்டில் எண்ணினால் கைனிக் குழுவின் சிஏ1 78 வந்தது. சூடாக்கிய பிறகும் நியூஎன் 68தான். செப்டம்பர் எலிகளிலும் இந்த இடைவெளி இருந்ததால் இதற்கு ஃபார்மால்டிஹைடு காரணமில்லை. அடிபட்ட நரம்புச் செல் சாகாமலேயே நியூஎன் நிறத்தை இழக்கலாம். நரம்பிழை அறுந்த செல்களிலும் ரத்தம் தடைப்பட்ட மூளையிலும் 2004இலேயே இது காட்டப்பட்டிருக்கிறது. சிதையும் செல்களைக் காட்டும் ஃப்ளூரோ–ஜேடு சாயத்தை இன்னொரு கிண்ணத்தில் போட்டோம். சில செல்கள் ஒளிர்ந்தன, ஆனால் இடைவெளியை நிரப்பும் அளவுக்கு இல்லை. ஏழாம் நாள் திசுவில் மிச்சச் செல்கள் மீளுமா சாகுமா என்று சொல்ல வழியில்லை. ஆய்வேட்டில் 'இறந்த செல்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நியூஎன் நிறம் காட்டாத செல்கள்' என்று மாணவி எழுதினார். தேர்வாளர் ஒருவர் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறீர்கள் என்று கேட்டார். விளக்கினார், ஏற்றுக்கொண்டார்.

பிறகு நடந்தது

பட்டம் ஐந்து மாதம் தள்ளிப்போனது. உதவித்தொகை முடிந்திருந்ததால் கடைசி இரண்டு மாதம் அவர் மாலையில் டியூஷன் எடுத்தார். இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஆய்வேட்டில் ஊறிய ஜாடிகளுக்கென்று ஓர் உட்பிரிவே இருக்கிறது; பக்கத்துப் பக்கமாக இரண்டு டென்டேட் வில்கள், சூட்டுக்கு முன், சூட்டுக்குப் பின். மூலிகைக் கட்டுரை எழுதப்படவில்லை.

அங்கிள் சில நாள் யாரோடும் பேசவில்லை. தன் மேல்தான் பழி என்று எடுத்துக்கொண்டார். பேராசிரியர் அவரைக் கூப்பிட்டு, வேலையைப் பிரித்துக் கொடுக்காதது தன் தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதற்குப் பிறகுதான் சரியானார்.

இனி மாறுவது

ஜாடிக்கு இப்போது இரண்டு தேதி எழுதுகிறோம்: கரைசலில் போட்ட நாள், எடுக்க வேண்டிய நாள். இரண்டாவதன் பக்கத்தில் ஒரு பெயர். டிசம்பர் பத்துக்குப் பிறகு மூளை எடுப்பதில்லை. எலி இறந்து மாற்று வைக்க நேர்ந்தால், எந்தக் குழுவுக்கு என்றாலும், மற்றக் குழுக்களிலிருந்தும் ஒன்றிரண்டு அதே நாளில் எடுக்கப்பட வேண்டும். இதற்கான இடம் முதல் விண்ணப்பத்திலேயே கேட்கப்படுகிறது.

நியூஎன் போடும் ஒவ்வொருவரும் ஒரு கிண்ணத்தை நிஸ்லுக்கு ஒதுக்குகிறார்கள். எண்ணுவதற்கு முன் சேதம் எதிர்பார்க்காத ஓர் இடத்தை, எங்களுக்கு டென்டேட் கைரஸ், குழு வாரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கே நிறம் வேறுபட்டால் எண்ணுவதே இல்லை. மறுபடி செய்ய வாய்ப்புக் கிடைத்தால் நான் மார்ச்சிலேயே ஸ்லைடைக் கேட்டிருப்பேன்.

டிசம்பர் எலிகளின் இரண்டு கிண்ணங்கள் இன்னும் எங்கள் உறைபெட்டியில், கிளிசரால் கரைசலில் இருக்கின்றன. போன மாதம் புது மாணவர் ஒருவர் அவற்றில் மைக்ரோக்ளியா (மூளையின் காவல் செல்கள்) ஆன்டிபாடி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். மூடியில் இருப்பதைப் படி என்றேன். ஞாயிறு வகுப்புக் கையெழுத்தில், கொஞ்சம் கோணலாக, அதில் இருக்கிறது: 25 நாள்.